ஹெல்மெட் வாங்குமுன்

அன்புள்ள கண்ணம்மா,

பிள்ளைகளுக்கு இந்த வாரமே ஹெல்மெட் வாங்கப்போவதாகச் சொன்னாய். கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடு.

கலிபோர்னியாவில் 18 வயது ஆகாத பிள்ளை சைக்கிள், காலால் உந்தும் ஸ்கூட்டர், ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட் எதில் தெருவுக்குப் போனாலும் ஹெல்மெட் கட்டாயம். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும் குழந்தைக்கும் அதே சட்டம்தான். சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டால் போதாது. அளவாகப் பொருந்தி, வாரும் பூட்டியிருக்க வேண்டும் என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது. அபராதம் 25 டாலருக்கு மேல் போகாது. சரியான ஹெல்மெட் இருக்கிறது, அந்த ஊரில் பாதுகாப்பு வகுப்பு நடந்தால் பிள்ளை அதை முடித்துவிட்டது என்று 120 நாளுக்குள் காட்டினால், வழக்கு கோர்ட்டுக்கே போகாது.

பெரியவன் கேட்கும் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு டிரைவிங் லைசென்ஸோ பெர்மிட்டோ வேண்டும், நடைபாதையில் ஓட்டக்கூடாது. 18 ஆகிவிட்டால் அதற்கு ஹெல்மெட் வேண்டாம் என்று 2019-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சின்னச் சக்கரம் பள்ளத்தில் சிக்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னால் போய் விழுவான். அவனுக்கு 18 ஆனாலும் நீ விட்டுவிடாதே. மாப்பிள்ளையின் எலக்ட்ரிக் சைக்கிள் மணிக்கு 28 மைல் வரை மோட்டார் உதவும் மூன்றாம் வகுப்பு என்றால், எந்த வயதானாலும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும்.

கடையில் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார். சிபிஎஸ்சி, அதாவது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தரச் சோதனைக்கு ஏற்றது என்ற லேபிள் இல்லாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடு. அந்தச் சோதனையில் தலை வடிவ உருவத்துக்கு ஹெல்மெட்டை மாட்டி, 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுகிறார்கள். உள்ளே சேரும் அதிர்ச்சி 300 ஜியை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 300 மடங்கைத் தாண்டக்கூடாது. சின்னவள் ஸ்கேட்போர்டும் ஓட்டுவதால் அவளுக்கு ஸ்கேட்டிங் ஹெல்மெட்டுக்கான தரமான ஏஎஸ்டிஎம் எஃப் 1492 லேபிளும் சேர்ந்து இருப்பதாகப் பார்த்து வாங்கு. ஸ்கேட்டிங்கில் மல்லாக்க விழுவது சகஜம், அதனால் பின்மண்டையை இறங்கி மூடும் ஹெல்மெட் வேண்டும். ஸ்கேட்டிங் ஹெல்மெட் மாதிரி தோற்றம் மட்டும் இருந்து, லேபிள் எதுவுமே இல்லாததும் விற்கிறது, ஜாக்கிரதை.

புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்த அளவுக்கு எடு. வளரும் பிள்ளை என்று பெரியதாக வாங்காதே. மாட்டியதும் புருவத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடைவெளி. பின்னால் இருக்கும் திருகை இறுக்கிவிட்டு, வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொல். ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. பக்கத்து வார்கள் இரண்டும் காது மடலுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கடியில் ஒரு விரல் நுழைந்தால் போதும். வாயை அகலத் திறந்து கொட்டாவி விடச் சொல்: உச்சியில் ஹெல்மெட் அழுத்தினால் வார் சரியாக இருக்கிறது. முன் விளிம்பில் உள்ளங்கையை வைத்து மேலே தள்ளிப் பார். நெற்றி இரண்டு விரலுக்கு மேல் தெரிந்தால் முன் வாரைக் குறைக்க வேண்டும். சின்னவள் உச்சியில் கொண்டை போட்டால் இதெல்லாம் வீண். சடையைத் தாழ்த்திப் பின்னிவிடு.

உள்ளே இருப்பது தெர்மாகோல் மாதிரி நுரை. அடியின் வேகத்தைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்ளும், நசுங்கிய இடம் பழையபடி உப்பாது. பலமாக ஒரு தடவை விழுந்தால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிடு. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதே, பெயின்ட் அடிக்காதே.

சறுக்குமரம், ஏணி என்று ஏறும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும். கம்பிச் சந்தில் உடம்பு நுழைந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டால், வார் கழுத்தை இறுக்கிவிடும்.

மாட்டிப் பார்த்ததும் முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் காது தெரிய ஒன்று போட்டோ அனுப்பு. வாரைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா