உங்கள் அம்மா எங்கே பிறந்தார்?

ஐக்கிய ராஜ்யத்தின் தேசிய ஸ்கிரீனிங் குழுவினருக்கு,

வணக்கம். நான் லண்டனில் ஒரு மகப்பேறு பிரிவில் மிட்வைஃப். லத்தீன் அமெரிக்காவில் வேர் உள்ள கர்ப்பிணிகளுக்குச் சாகாஸ் என்ற நோய்க்கும் பரிசோதனை செய்யுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். இங்கே வேலை பார்க்கும் தமிழ் டாக்டர்களும் செவிலியர்களும் படித்துவிட்டு உங்களுக்கு எழுத வேண்டும் என்பதால், இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொலிவியப் பெண் கர்ப்பத்தின் 10-வது வாரத்தில் முதல் பதிவுக்கு வந்தார். எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி என வழக்கமான பரிசோதனைகளுக்கு ரத்தம் எடுத்தேன். ஊசிக்குப் பயந்தார், பேச்சுக்கொடுப்போம் என்று ஊரைப் பற்றிக் கேட்டேன். கொச்சபாம்பா பக்கத்தில் கிராமம், மண்சுவர் வீடு. சுவர் வெடிப்பில் ஒரு பூச்சி இருக்கும், ராத்திரி இறங்கி வந்து முகத்தில் கடிக்கும் என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். 'வின்சூகா' என்றார். அவருடைய அம்மா 50 வயதுக்குள் இதயம் வீங்கி இறந்திருக்கிறார்.

அந்தப் பெயரை நான் எங்கோ படித்திருந்தேன். டாக்டரிடம் சொல்லி, சாகாஸ் நோய்க்கும் ஒரு குழாய் ரத்தம் அனுப்பினோம். தொற்று இருந்தது. அவருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை.

1909-ல் பிரேசிலில் கார்லோஸ் சாகாஸ் கண்டுபிடித்த நோய் இது. பூச்சியின் எச்சத்தில் இருக்கும் ஒட்டுண்ணி கடிவாய் வழியே உள்ளே போய், பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். 10 பேரில் 3 பேருக்கு இதயத்தைக் கெடுத்துவிடும். லண்டனில் அந்தப் பூச்சி இல்லை, சரி. ஆனால் தாயிடமிருந்து வயிற்றுப்பிள்ளைக்குத் தொற்றப் பூச்சி வேண்டாம். தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்குப் போகிறது. அப்படிப் பிறந்த பெண், இங்கிலாந்தைத் தாண்டாமலே வளர்ந்து தன் பிள்ளைக்கும் கொடுத்துவிடலாம்.

இந்த நாட்டு ரத்த வங்கிக்கு இது நன்றாகத் தெரியும். ரத்தம் கொடுக்கப் போனால், நீங்களோ உங்கள் அம்மாவோ தென் அமெரிக்காவிலோ மத்திய அமெரிக்காவிலோ பிறந்தவரா என்று விசாரிக்கிறார்கள். ஆம் என்றால் சாகாஸ் பரிசோதனை உண்டு. முகம் தெரியாதவருக்குப் போகும் ஒரு பை ரத்தத்துக்கு எடுக்கும் அந்த அக்கறையை, வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கர்ப்பத்தில் மருந்து கொடுக்க முடியாதே, தெரிந்து என்ன பயன் என்று ஒரு கன்சல்டன்ட் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நோய்க்கான மருந்தான பென்ஸ்நிடசோலைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லைதான். பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் கொடுத்தால் 100-க்கு 90-க்கும் மேல் குணமாகிறது. வயது ஏற ஏற அந்தப் பலன் குறைகிறது. பிறந்ததும் பிள்ளையின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைத் தேட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் கரைந்த பிறகு, 9 மாத வாக்கில், இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்புறம் தாய்க்கும் சிகிச்சை கொடுத்தால் அடுத்த கர்ப்பத்துக்கும் அது காவல்.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2010 முதல் லத்தீன் அமெரிக்கத் தாய்மாருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். அங்கே போட்ட செலவுக் கணக்கும் பரிசோதிப்பதுதான் சிக்கனம் என்று காட்டியது.

ஊரைக் கேட்டால் புலம்பெயர்ந்தவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறுக்காக என் பூர்வீகத்தையும் இதே நாட்டில் கேட்டார்கள், நான் மகளைச் சுமந்திருந்தபோது. ஏன் கேட்கிறோம் என்று உட்கார்ந்து சொன்னார்கள். எனக்கு வருத்தமே வரவில்லை. அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் வழி செய்யுங்கள்.

அந்தப் பொலிவியப் பெண்ணின் மகனுக்குத் தொற்று இல்லை. கூட அழைத்து வந்த 8 வயது மகளுக்கு இருந்தது. 60 நாள் மாத்திரையை அவள் முடித்துவிட்டாள்.

அன்று அவருக்கு அடுத்து வந்தவர் ஈக்வடார்க்காரர். வெளியே கூட்டம் நின்றது. ரத்தம் எடுத்தேன், லேபிள் ஒட்டினேன், அனுப்பிவைத்தேன். அவருடைய ஊரைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து ஒரு மிட்வைஃப்