கன்னே படைக்கு வண்ணம்: ஞாயிறு காலை 10 மணி

நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு வழக்கமான மாடி அறையில் கூடுகிறோம். கன்னே போரில் (கி.மு. 216) ரோமானியரை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் படையைக் குட்டிப் பொம்மைகளாக வண்ணம் தீட்டுகிறோம் அல்லவா, அதில் இன்னும் 42 பேர் வெறும் சாம்பல் பிரைமரோடு (அடிப்பூச்சோடு) நிற்கிறார்கள்.

எல்லோரும் கேட்பது நிறத்தைப் பற்றித்தான். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியதையே பின்பற்றுவோம். ஸ்பானிய வீரர்களுக்கு ஊதாக் கரை வைத்த குட்டையான லினன் சட்டை. வெள்ளையை அப்படியே அப்பாதீர்கள். முதலில் வெளிர்பழுப்பு, உலர்ந்தபின் மடிப்பின் மேட்டில் மட்டும் வெள்ளை. 28 மில்லிமீட்டர் உருவத்தில் கரை என்பது மயிரிழைதான். தூரிகை நுனியை ஈரத்துணியில் ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு!

கால் (Gaul) எனும் கெல்டிய இனத்தவர் (காலாட்படை என்று படித்துவிடாதீர்கள்) உடையின்றிப் போரிட்டதாகப் பாலிபியஸ் சொல்கிறார். ஆகவே தோலின் நிறம்தான் முழு வேலையும். நீர்த்த செம்பழுப்பைத் தசைக் குழிகளில் ஓடவிட்டால் போதும். ஆப்பிரிக்க வீரர்கள் முந்தைய போர்களில் ரோமானியரிடம் பறித்த ஆயுதங்களைத் தரித்திருந்தார்கள். உங்களிடம் மிஞ்சிய ரோமானியக் கேடயங்களை எறியாமல் கொண்டு வாருங்கள்.

போன வாரம் மழை ஈரத்தில் பிரைமரைத் தெளித்து எட்டு வீரர்களின் முகத்தை உப்புத்தாள் ஆக்கினேன். மழை பெய்தால் இம்முறை தூரிகையால்தான் பூச வேண்டும்.

தண்ணீர்க் குவளையைத் தேநீர்க் குவளையிலிருந்து தள்ளி வையுங்கள். சென்ற முறை தேநீரில் தூரிகை கழுவியவருக்குத் தெரியும். வருகிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.