பெரியப்பாவின் சிவப்புப் பேனா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை.

நாம் எதை நினைக்கிறோமோ அதையே பிரபஞ்சம் நமக்கு அனுப்பும் என்று சொல்கிறதே, நீ அனுப்பிய அந்த 'இரகசியம்' புத்தகத்தைப் படித்துவிட்டேன். போனில் பேசினால் பாதியிலேயே "நெகட்டிவா பேசாதம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முடிப்பதற்குள் வீட்டில் கட்சி பிரிந்துவிட்டது. சித்திக்கு அந்தப் புத்தகம் வேதம். சித்தப்பா கடையை மூடியதிலிருந்து விடிந்தும் எழாமல் சுருண்டு கிடந்தவள், இப்போது காலையில் எழுந்ததும் எதற்கெல்லாம் நன்றி சொல்லலாம் என்று ஒரு நோட்டில் எழுதுகிறாள். "கேஸ் இன்னும் தீரவில்லை, நன்றி" என்றுகூட எழுதியிருக்கிறாள். படித்துச் சிரித்தேன். ஆனால் எழுதி முடித்ததும் தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு தானே பால் வாங்கப் போகிறாளே, அதற்குச் சிரிக்க முடியவில்லை. நன்றி எழுதுவதில் விஷயமும் இருக்கிறது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். சித்திக்குப் பிரபஞ்சம் இதுவரை ஒன்றும் அனுப்பவில்லை. அவள்தான் எழுந்து வந்திருக்கிறாள்.

பெரியப்பா எதிர்க்கட்சி. காலமெல்லாம் பிசிக்ஸ் நடத்தியவர் இல்லையா? "எண்ணத்துக்குக் காந்த சக்தியாம், ஒத்தது ஒத்ததை இழுக்குமாம். காந்தத்துல ஒத்த துருவம் விலக்கும்னு ஸ்கூல் பையனுக்குத் தெரியும்" என்று கத்திவிட்டு, பரீட்சைப் பேப்பர் மாதிரி ஓரமெல்லாம் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறார். உன் புத்தகம் இப்போதைக்குத் திரும்பி வராது. சாப்பாட்டால் எடை கூடாது, கூடும் என்ற நினைப்பால்தான் கூடும் என்று வருகிறதே, அந்தப் பக்கத்தை மட்டும் நான் அப்பாவிடம் காட்டவில்லை.

எழுதிய ரோண்டா பைர்ன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆஸ்திரேலியாவில் டி.வி. தயாரிப்பாளர். அப்பாவை இழந்து, தொழிலும் ஆட்டம் கண்டு அவர் ஒடிந்து கிடந்த நேரத்தில், 2004-ல் மகள் ஒரு பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறாள். பணக்காரர் ஆவது எப்படி என்று வாலஸ் வாட்டில்ஸ் 1910-ல் எழுதியது. (அம்மாவைத் திருத்தப் புத்தகம் அனுப்பும் மகள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.) 2006-ல் முதலில் படம், அப்புறம் புத்தகம். 2007 பிப்ரவரியில் அமெரிக்க டி.வி. தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் நிகழ்ச்சியில் பேசியதும் உலகமெல்லாம் பரவி, கோடிக்கணக்கில் விற்றது.

என் கோபம் ஒரே ஒரு பத்தி மேல். கூட்டம் கூட்டமாக மக்கள் செத்துப்போன சம்பவங்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் அந்தச் சம்பவத்தின் அலைவரிசையில்தான் இருந்திருக்க வேண்டும் என்கிறது புத்தகம்.

2004 டிசம்பரில் சுனாமிக்கு மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகளை நாகப்பட்டினத்துக்கு டூட்டிக்கு அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் பிள்ளைகளெல்லாம் கரையில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வார்டில் ஒரு பெண், காலில் தையல் போட்டிருந்தது, வலி இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லவில்லை. முந்தின ராத்திரி கெட்ட கனவு கண்டாளாம். பையனை யாரோ தூக்கிக்கொண்டு போவது போல. "நான் கனவு கண்டதாலதான் சிஸ்டர் கடல் வந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். இல்லம்மா, பூகம்பத்தால வந்தது, சுமத்ரா பக்கத்துல, உன் கனவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். விடியும்வரை அதுதான் என் வேலையாக இருந்தது. இந்தப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தால் என்ன சொல்லும்? ஆமாம், உன் நினைப்புதான் என்று சொல்லும்.

சித்தியிடம் இதைச் சொன்னேன். "எனக்கு நல்லதைத்தானே செய்யுது அக்கா, மத்ததை நான் ஏன் பார்க்கணும்?" என்றாள். அவளிடம் வாதாடவில்லை. தேறி வருகிறவள். உன்னிடம் வாதாடுகிறேன், ஏனென்றால் நீ இதை நம்பிப் பணம் கட்டப் போகிறாய். அந்த வார இறுதிப் பயிற்சி முகாம் வேண்டாம். படத்தில் வந்து பேசியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஆர்தர் ரே, 2009-ல் அமெரிக்காவின் செடோனாவில் முகாம் நடத்தினார். ஆயிரக்கணக்கான டாலர் கட்டி வந்தவர்களை அடைத்த கூடாரத்துக்குள் கொதிக்கும் சூட்டில் உட்காரவைத்தார். மூன்று பேர் இறந்தார்கள். அவர் ஜெயிலுக்குப் போனார். பெங்களூரில் உன்னைக் கூடாரத்தில் அடைக்கமாட்டார்கள், தெரியும். ஆனால் வேலை இல்லாத பிள்ளையிடம் காசு வாங்கிக்கொண்டு நம்பிக்கை விற்பவனைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்கவில்லை.

வீடியோ காலில் உனக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். உனக்கு நீயே டைப் செய்த ஆஃபர் லெட்டர், சம்பளத் தொகையோடு. கிழிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் ஜெர்மனியில் படிப்பு முடித்து வேலை தேடிய பிள்ளைகளைக் கவனித்திருக்கிறார். வேலை கிடைத்துவிட்டது போல அடிக்கடி இன்பக் கனவு கண்டவர்களுக்கு இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. கிடைக்கும் என்று நிதானமாக நம்பியவர்களுக்கு நன்றாகவே நடந்திருக்கிறது. 1999-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்விலும் இதே கதைதான். நல்ல மார்க் வாங்கிய காட்சியைக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிக்கும் காட்சியைக் கற்பனை செய்தவர்கள் அதிகம் படித்து, அதிக மார்க்கும் வாங்கினார்கள். அதனால் அந்த லெட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டு. எந்தக் கம்பெனிக்கு என்றைக்கு ரெஸ்யூமே அனுப்பினாய், யாருக்குத் திரும்ப ஞாபகப்படுத்த வேண்டும் என்று எழுது.

உன் பயத்தை என்னிடம் சொன்னால் அது நடந்துவிடும் என்று மட்டும் நினைக்காதே. நர்ஸாக இருந்தவள் நான். வலி எங்கே என்று சொல்லாத பேஷண்டோடுதான் எனக்குப் பெரும்பாடு. அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்யப்போகிறாய்? சேமிப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? அப்பா காரணம் எதுவும் கேட்கமாட்டார், தொகையை மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. திங்கட்கிழமை பேங்குக்குப் போகிறோம், அதற்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா