நீ அழித்த பதிவுகளைப் பற்றி

உதகமண்டலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். இங்கே மழை விட்டபாடில்லை. பகலிலேயே கடையில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் வேலை நடக்கிறது.

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பழையதையெல்லாம் அழித்துவிட்டேன், இனி யாராலும் ரகசியமாகக்கூடப் பார்க்க முடியாதல்லவா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, சரி" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். கடைக்குப் பாஸ்போர்ட், விசா என்று வரும் பிள்ளைகளும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லி அனுப்பிவிடுவேன். உனக்கு அது போதாது.

ஊர் உலகம் பார்க்காது. நீ மட்டும் சில நாள் பார்க்கலாம். நிறுவனத்தின் கிடங்கில் இன்னும் சில காலம் கிடக்கலாம். அன்றைக்குப் படித்தவர்களில் எவராவது எடுத்து வைத்திருந்தால், அவர் விரும்பும் வரை அவரிடம் இருக்கும். நீ முதல் மூன்றைப் பற்றியே கேட்கிறாய். எனக்குக் கவலை கடைசியில்.

முதலில், நீ செய்தது அழிப்புதானா என்று பார்த்துக்கொள். பேஸ்புக் 2020 ஜூனில் பழைய பதிவுகளை மொத்தமாகக் கையாள ஒரு வசதி கொடுத்தது. அதில் இரண்டு வழி உண்டு. காப்பகத்துக்கு அனுப்பினால் மற்றவர் கண்ணில் படாது, உன் கணக்கில் அப்படியே இருக்கும். குப்பைக்கு அனுப்பினால் 30 நாள் கிடந்து பிறகு போகும். அதற்குள் நீயே அதைத் திறந்து பார்க்கலாம், மீட்கலாம். இன்ஸ்டாகிராமிலும் 2021 பிப்ரவரியிலிருந்து அதே மாதிரி, சமீபத்தில் அழித்தவை என்று ஒரு இடம், அங்கேயும் 30 நாள். உன் கணக்குக்குள் நுழைய முடிந்த எவரும் அந்த நாட்களில் இவற்றைப் பார்க்கலாம் என்பதை மறக்காதே. விடுதித் தோழியின் மடிக்கணினியில் திறந்த கணக்கை மூடாமல் வருவது உன் வழக்கம். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றிலிருந்தும் வெளியேறு. அதன்பின் குப்பையையும் காலிசெய்துவிடு. 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. உன் பதிவை அழித்தால் அதன் கீழே மற்றவர் எழுதியதும் சேர்ந்து போகும். ஆனால் மற்றவர் பதிவின் கீழே நீ எழுதிய கருத்துகள் அங்கேயே நிற்கும். பிறர் தங்கள் பக்கத்தில் போட்ட படத்தில் நீ இருந்தால், உன் பெயர் இணைப்பை மட்டும்தான் உன்னால் எடுக்க முடியும், படம் அவர்களுடையது. எக்ஸ் தளத்தில், அதாவது பழைய ட்விட்டரில், மூலப் பதிவை நீக்கினால் அதை அப்படியே மறுபகிர்வு செய்தவையும் மறையும். தன் சொல்லைச் சேர்த்து மேற்கோளாகப் போட்டவர்களின் சொல் மட்டும் எஞ்சி நிற்கும். எதற்கு இவ்வளவு கோபமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பவர் யோசிப்பார்.

அடுத்து நிறுவனம். பேஸ்புக் கணக்கையே நிரந்தரமாக நீக்கச் சொன்னால், மனம் மாறுவதற்கு 30 நாள் அவகாசம் தருகிறார்கள். அது முடிந்தபின் எல்லாவற்றையும் துடைக்க 90 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். சட்டக் காரணத்துக்காகச் சிலவற்றை அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். நம் நாட்டில் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகாரினாலோ உத்தரவினாலோ நிறுவனமே ஒரு பதிவை நீக்கினால், விசாரணைக்காக அதை 180 நாள் பாதுகாக்க வேண்டும். நீ கணக்கை மூடினாலும், பதிவு செய்தபோது கொடுத்த விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நீயாகக் கிழித்துப் போட்ட ஒவ்வொரு பதிவுக்கும் இந்த விதி என்று சிலர் பயமுறுத்துவார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை.

நான் வேலை பார்த்த இந்து நகர் பிலிம் தொழிற்சாலையை நீ கதையாகத்தான் கேட்டிருக்கிறாய். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டது. 1967 முதல் உற்பத்தி. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்துதான் போயின. நான் பூச்சுப் பிரிவில் இருந்தேன், வேலையெல்லாம் இருட்டில். ஒளி பட்ட பிலிமையும் படாத பிலிமையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எங்களுக்கே வித்தியாசம் தெரியாது. டெவலப்பர் என்ற மருந்தில் முக்கினால்தான் உள்ளே உட்கார்ந்திருக்கும் உருவம் எழும்பும். கிடங்கில் கிடக்கும் உன் பதிவும் அப்படித்தான். ஆனால் அதை எழுப்பும் மருந்து பக்கத்து வீட்டுக்காரரிடமோ, உனக்கு வேலை கொடுப்பவரிடமோ, உன்னோடு சண்டை போட்டவனிடமோ இல்லை. புலனாய்வு அமைப்புகள்கூடச் சட்டப்படிக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

அதனால்தான், "அடுத்தவர் அழித்ததை ரகசியமாகப் பார்க்கலாம்" என்று விளம்பரம் செய்யும் செயலிகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. பேஸ்புக்கின் கிடங்குக்குள் போகும் சாவி எந்தச் செயலியிடமும் கிடையாது. அவை கேட்பது உன் கடவுச்சொல்லையும் பணத்தையும். கடைக்கு வந்த ஒரு பையன் அப்படி ஒன்றில் விவரங்களைக் கொடுத்துவிட்டுத் தன் கணக்கையே இழந்து நின்றான். வாட்ஸ்அப் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. செய்தி வந்தவுடன் போனில் எழும் அறிவிப்பை அந்தச் செயலிகள் நகலெடுத்து வைக்கின்றன. அனுப்பியவர் பிறகு அழித்தாலும் நகல் நிற்கும். ஆண்ட்ராய்டு போன்களில் அறிவிப்பு வரலாறு என்ற வசதியே இருக்கிறது, தனிச் செயலிகூட வேண்டாம். எல்லோருக்கும் அழி என்பதற்கு 2017இல் 7 நிமிடம்தான் கொடுத்தார்கள். இப்போது இரண்டு நாளுக்கு மேல் அவகாசம். ஆனால் அறிவிப்பைப் படித்துவிட்டவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

வேபேக் மெஷின் பற்றியும் கேட்டிருந்தாய். 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ், 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பழைய இணையப் பக்கங்களின் சேமிப்பு அது. கணக்குக்குள் நுழைந்தால்தான் தெரியும் பக்கங்கள் அதில் பெரும்பாலும் சிக்குவதில்லை. எல்லோருக்கும் திறந்திருந்த எக்ஸ் பதிவு சிக்கியிருக்கலாம். முகவரியைப் போட்டுப் பார்த்துவிடு. கூகுள் தன் பழைய நகல் இணைப்புகளை 2024இலேயே எடுத்துவிட்டது. தேடலில் தலைப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், காலாவதியானதை நீக்கக் கேட்க அவர்களிடமே ஒரு பக்கம் உண்டு. அரசியல்வாதிகள் அழித்த ட்வீட்டுகளைப் பிடித்து வெளியிடவே 2010இல் நெதர்லாந்தில் பொலிட்வூப்ஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். நீ இன்னும் அந்த அளவுக்குப் பெரிய ஆள் ஆகவில்லை. நிம்மதியாகத் தூங்கு.

இனி என் கவலைக்கு வருகிறேன். முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி, யானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போடுகிறார்களே, திட்டு விழுந்ததும் அவசரமாக அழிப்பார்கள். அதற்குள் யாரோ இறக்கி, வண்டி எண்ணோடு வனத்துறைக்கு அனுப்பியிருப்பார்கள். அபராதம் கட்டும்போது "அழித்துவிட்டேனே" என்று சொல்லிப் பயனில்லை.

எஸ்.வி. சேகர் வழக்கு உனக்கு நினைவிருக்கும். நடிகர், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018 ஏப்ரலில் தன் பேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் வழக்குகளை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் மறுத்தது. அனுப்பியவரே விளைவுக்குப் பொறுப்பு என்பது நீதிமன்றத்தின் நிலை. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டார் என்று அங்கே சொல்லிப் பார்த்தார்கள். ஆகஸ்டில் அதுவும் எடுபடவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை.

இதற்கு மாறாக இன்னொன்று. 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு தலைவர் இறந்ததற்கு ஏன் ஊரை அடைக்க வேண்டும் என்று ஓர் இளம்பெண் பேஸ்புக்கில் கேட்டார். அவர் தோழி அதற்கு விருப்பம் தெரிவித்தார், அவ்வளவுதான். பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டபின்னும் இருவரையும் கைது செய்தார்கள். அந்தக் கைதுக்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அந்தப் பெண் நீக்கியிருக்கவே வேண்டாம், கேட்டதில் தவறில்லை. ஆகவே அழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளிப் போடாதே.

விடுதியில் தண்ணீர் வராததைப் பற்றி நீ எழுதியது உண்மை. அதை ஏன் அழித்தாய்? தேர்தல் நேரத்தில் எழுதிய கேலிக் கவிதை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை; எதுகை சுத்தமாக அமையவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அது உன் கருத்து. இருந்தாலும் போனாலும் எனக்கு ஒன்றுதான். மூன்றாவது வேறு. கூடலூரிலிருந்து வந்து உன் அறையில் தங்கிய பெண்ணின் ஆங்கிலத்தைக் கிண்டல் செய்து எழுதி, அதன் கீழே உன் வகுப்பே சேர்ந்து சிரித்ததே, அதைச் சொல்கிறேன். அதை நீ அழித்தது சரி. ஆனால் அந்தச் சிரிப்பில் பாதிப்பேர் அதை எடுத்து வகுப்புக் குழுவில் போட்டிருப்பார்கள், உனக்கே தெரியும். அந்தப் பெண்ணின் போனிலும் இருக்கலாம். அழிக்கக் கேட்கும் உரிமையை 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களிடம்தான் கொடுக்கிறது. ஒருவர் தன் சொந்தத் தேவைக்காக வைத்திருப்பதை அது தொடுவதில்லை. அவள் வைத்திருந்தால் அது அவள் உரிமை என்றே நானும் சொல்வேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பிங்கர்போஸ்ட் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க வந்த அந்தப் பெண் நம் கடைக்கு நகல் எடுக்க வந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. அம்மாவை விசாரித்தாள், மழையைப் பற்றிப் பேசினாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் எண் அம்மாவிடம் இருக்கிறது. செய்தி அனுப்பாதே, கூப்பிட்டுப் பேசு. நீ அமெரிக்க விசா கேட்கப் போவதால்தான் பேசுகிறாய் என்று அவள் நினைத்துவிடாமல், விண்ணப்பத்துக்கு முன்னாலேயோ பின்னாலேயோ எப்போது என்று நீயே முடிவு செய்.

விண்ணப்பத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். அமெரிக்க விசா படிவத்தில் 2019 முதல், கடந்த 5 ஆண்டுகளில் நீ பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறார்கள். இப்போது திறந்திருப்பவை மட்டும் போதும் என்று எண்ணாதே. போன வருடம் மூடிய கணக்கும் அந்த 5 ஆண்டுக்குள் வருகிறது. அதையும் எழுது. எழுதாமல் விட்டால் விசா மறுக்கப்படலாம், பின்னாளிலும் சிக்கல் வரலாம் என்று தூதரகமே எச்சரித்திருக்கிறது. 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். ஆக, நேர்காணலுக்கு முன் பூட்டிவிட்டுப் போகலாம் என்ற உன் தோழியின் யோசனை உதவாது. அழித்த ஒன்றைப் பற்றிக் கேட்டால் எழுதினேன், அழித்தேன் என்று சொல். கணக்கே இல்லை என்று ஒரு பொய்யை மட்டும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடாதே.

கணக்கையே மூடுவதென்றால் அதற்கு முன் உன் தரவு முழுவதையும் தரவிறக்கிவிடு; கணக்கின் செட்டிங்ஸில் அதற்கு வழி இருக்கிறது, தொகுத்துக் கொடுக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதில் ஆயா அருவங்காட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கும். நம்மிடம் அதன் நகல் வேறெதுவும் இல்லை. குப்பையில் போட்டிருந்தால் 30 நாள் முடிவதற்குள் மீட்டு எடு. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன் எனக்கு அனுப்பு, ஒரு முறை பார்த்துத் தருகிறேன். சனிக்கிழமை இரவு கடை அடைத்ததும் கூப்பிடுகிறேன், அப்போதாவது போனை எடு.

அன்புடன்,
அப்பா