வேர் நுனியை எதைக்கொண்டு அடைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேர் சிகிச்சை செய்த பல்லில் மறுபடி சீழ் வைத்தால், ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டி அடைக்கும் அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் படித்தோம். அடைக்க, பாதரசம் சேர்ந்த உலோகக் கலவையான அமால்கமே போதும், எம்டிஏ என்ற அடைப்புப் பொடி விலை ஏற்றிய கட்டட சிமென்ட்தான் என்கிறது கட்டுரை. இரண்டுமே திருத்த வேண்டியவை.

அமால்கம் வெகுகாலம் இந்த வேலைக்குப் பயன்பட்டது உண்மை. ஆனால் அது வேர்ச் சுவரில் ஒட்டாது, நாளடைவில் அரிக்கும். துகள் சிதறினால் ஈறில் கருநீலக் கறை தங்கிவிடும். துத்தநாகம் கலந்த ரகத்தில், இறுகுமுன் ரத்தமோ ஈரமோ பட்டால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி அடைப்பு பிறகு விரியும். ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும் எலும்புக் குழிக்கு இது ஏற்றதல்ல.

எம்டிஏ-வில் சுமார் 75 சதவீதம், கட்டட வேலைக்குப் பயன்படும் போர்ட்லேண்ட் சிமென்ட்தான்; மறைக்க ஒன்றுமில்லை. 20 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடு, 5 சதவீதம் ஜிப்சம். பிஸ்மத் இல்லாவிட்டால் எக்ஸ்ரேயில் அடைப்பு சரியாகத் தெரியாது. கட்டட சிமென்ட் மூட்டையிலோ ஆர்செனிக் போன்றவற்றின் அளவை வாய்க்குள் வைக்கும் பொருளுக்குரிய கறாரோடு யாரும் சோதிப்பதில்லை. 1993-ல் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எம்டிஏ-வின் பலமே, ஈரத்தில் இறுகுவதுதான்.

தொல்லைகளும் உண்டு. மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு நீர் கலந்தால் ஈர மணல் மாதிரி உதிரும். இறுக ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம். வைத்தபின் குழியைப் பீய்ச்சிக் கழுவினால் கரைந்து வெளியேறும். கழுவுவதை முன்பே முடித்துவிட வேண்டும். பயோடென்டின் என்ற இன்னொரு அடைப்பு சிமென்ட் சுமார் 12 நிமிடத்தில் இறுகும், ஆனால் எக்ஸ்ரேயில் மங்கல். கலக்கவே தேவையில்லாத பயோசெராமிக் (உடலுக்கு ஒத்துப்போகும் பீங்கான் வகை) பசை கைக்கு எளிது, விலையோ அதிகம். துத்தநாக ஆக்சைடு, யூஜெனால் (கிராம்பு எண்ணெய்ச் சத்து) கொண்ட ஐஆர்எம் என்ற அடைப்புப் பொருளையும் ஒரேயடியாக ஒதுக்க முடியாது. 2003-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் எம்டிஏ-வுக்கு 92, ஐஆர்எம்-க்கு 87 சதவீத வெற்றி. புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் அல்ல.

கட்டுரை தொடாத இடம் வெட்டும் முறை. வேருக்குள் ஓடும் குழாயின் பெரும்பாலான கிளைகள் வேரின் கடைசி 3 மி.மீ.க்குள் இருப்பதால் அவ்வளவும் போக வேண்டும், அதுவும் வேருக்குக் கூடியவரை செங்குத்தாக. பழைய பாணியில் 45 டிகிரி சாய்த்தால் பல்லின் உள்திசுவான டென்டினின் நுண்குழாய்கள் அதிகம் திறந்து கசியும். பிறகு அல்ட்ராசானிக் (மீயொலியால் அதிரும்) முனையால், குழாயின் போக்கிலேயே 3 மி.மீ. ஆழம் குடைய வேண்டும். மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்க வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள், நடுவே மெல்லிய இணைப்பு. நுண்ணோக்கி இல்லாமல் அதைத் தவறவிட்டால் எந்த சிமென்ட்டும் காப்பாற்றாது. ரத்தத்தை நிறுத்த வைக்கும் எபிநெஃப்ரின் பஞ்சுகளை எண்ணி வைத்து எண்ணி எடுக்க வேண்டும். நார் தங்கினால் புண் ஆறாது.

இன்னொன்று: ஈறைத் திறக்காமல் பல்லின் மேலிருந்தே மீண்டும் வேர் சிகிச்சை செய்ய வழியிருந்தால், பெரும்பாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். இதையும் சேர்த்து அடுத்த மருத்துவப் பக்கத்தில் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பல் வேர் சிகிச்சை மருத்துவர்கள் சிலர்,
மதுரை