எடிட்டர் திணறினால் ரேம் வாங்கத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதும் எடிட்டர்களைப் பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, பெரிய கோப்புகளில் ஒரு ஃபங்ஷனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது எடிட்டர் திணறினால் ரேமைக் கூட்டச் சொல்கிறது. வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் அரசு தந்த விலையில்லா மடிக்கணினியை வைத்தே நிரல் கற்கும் பிள்ளைகள் நிறைய பேர். அவர்களைச் செலவு செய்யச் சொல்வதற்கு முன், திணறல் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். பல நேரம் அது ப்ளகின் (எடிட்டரோடு சேர்க்கும் துணை நிரல்) எழுதியவர் தொடரியல் மரத்தில், அதாவது நிரலின் அமைப்பைக் கிளை கிளையாகக் காட்டும் மரத்தில், ஏறி இறங்கும் விதத்தில் இருக்கிறது. அதைச் சில வரிகளில் சரிசெய்துவிடலாம்.

இன்றைய எடிட்டர்கள் பல, நிரலை மரமாகப் பிரித்துக் கொடுக்க ட்ரீ-சிட்டர் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. ஆட்டம் எடிட்டருக்காக கிட்ஹப்பில் வளர்ந்தது அது. நியோவிம் எடிட்டர் 2021இல் 0.5 பதிப்பிலும், ஈமேக்ஸ் எடிட்டர் 2023இல் 29ஆம் பதிப்பிலும் அதைச் சேர்த்துக்கொண்டன. ஒரு எழுத்தைத் தட்டினால் கோப்பு முழுவதையும் மறுபடி படிக்காமல், மாறிய பகுதியை மட்டும் புதுப்பித்து, மற்றதைப் பழைய மரத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அதன் பலம்.

அந்தப் பலத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே கணு (நிரலின் ஒரு துண்டைக் குறிக்கும் மரத்தின் புள்ளி) பழைய மரத்துக்கும் புதிய மரத்துக்கும் பொதுவாக இருக்கலாம் என்பதால், தனக்கு நேர் மேலே உள்ள தாய்க் கணு எது என்பதை அது தன்னிடம் வைத்திருக்க முடியாது. இரண்டு மரங்களில் இரண்டு தாய்கள் இருக்கக்கூடும். கோப்பில் தான் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. தனக்கு முன்னுள்ள இடைவெளியும் தன் நீளமும் மட்டுமே அதில் பதிவாகியிருக்கும். அதனால்தான் 10ஆவது வரியில் ஒரு எழுத்தைச் சேர்த்தால், கீழே உள்ள 20,000 வரிகளின் கணுக்களைத் திருத்தி எழுத வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கணுவின் தாயைக் கேட்கும்போது, நூலகம் மரத்தின் உச்சிக் கணுவான வேரிலிருந்து மறுபடி இறங்கி வந்து தேடுகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து எந்தத் தெருவில் சேர்கிறது என்று அறிய, ஒவ்வொரு முறையும் மிண்ட் பேருந்து நிலையத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து நடந்து வருவது போன்றது அது. 30 நிலை ஆழத்தில் உள்ள கணுவிலிருந்து தாய், தாயின் தாய் என்று வேர் வரை கேட்டுக்கொண்டே போனால் 29 + 28 + 27 என்று கூடி 435 படி இறங்க வேண்டியிருக்கும். வேரிலிருந்து ஒரே முறை இறங்கி, வழியில் கண்ட கணுக்களை ஒரு பட்டியலில் போட்டுக்கொண்டால் 30 படி போதும். விசையை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு 25, 30 தாவல்கள் வரும். இந்த வேறுபாடு அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே தாயின் அடுத்த உடன்பிறப்பு, முந்தைய உடன்பிறப்பு கேட்பதும் வேரிலிருந்து இறங்கித் தேடியே நடப்பதால் அவற்றுக்கும் இதே செலவு.

சி, ரஸ்ட் மொழிகளில் எழுதுபவர்களுக்கு நூலகமே மரக் கர்சர் (மரத்தில் நகரும் சுட்டி) ஒன்றைத் தருகிறது. அது வந்த பாதையை அடுக்கில் வைத்திருக்கும். மேலே போவது அடுக்கில் ஒன்றை எடுப்பதுதான். இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. எந்தக் கணுவில் கர்சரைத் தொடங்குகிறோமோ, அதற்கு மேலே அது போகாது. இலையில் (சேய் இல்லாத கணுவில்) தொடங்கிவிட்டு, மேலே போக மறுக்கிறதே என்று பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வேரில் தொடங்கி, பைட் எண்ணைக் கொடுத்து, அந்த இடத்தைக் கொண்ட சேய்க் கணுவுக்குள் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். அந்த இடம் இரண்டு கணுக்களுக்கு நடுவே வெற்றிடமாக இருந்தால் அடுத்துள்ள கணு கிடைக்கும் என்பதை நினைவில் வைத்து, கிடைத்த கணுவின் தொடக்கத்தைச் சரிபார்ப்பது நல்லது. கர்சரிலும் முன்னோக்கிப் போவதைவிடப் பின்னோக்கிப் போவது மெதுவாக இருக்கலாம்: இருப்பிடத்தைத் திரும்பக் கணக்கிட, முன்னுள்ள சேய்களை முதலிலிருந்து கூட்ட வேண்டிவரும்.

நியோவிமில் லுவா மொழியில் எழுதுபவர்கள், மேலே சொன்ன பட்டியல் முறையைப் பின்பற்றலாம். ஈமேக்ஸில் லிஸ்ப் மொழிச் சுழற்சிக்குள் கணு கணுவாக நடப்பதை விட்டுவிட்டு, அதனுடன் வரும் தேடும் ஃபங்ஷன்களிடமே வேலையைக் கொடுங்கள். அவை சி நிரலுக்குள்ளேயே மரத்தைச் சுற்றி முடித்து, விடையை மட்டும் தருகின்றன. ஒவ்வொரு கணுவையும் லிஸ்புக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உருவாகி, பிறகு அதை நினைவகத்திலிருந்து கூட்டித் தள்ளும் வேலையும் சேரும்.

பட்டியலை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம்? கோப்பு மாறும் வரை. நியோவிமும் ஈமேக்ஸும் திருத்தங்களுக்கு ஒரு எண்ணிக்கை வைத்திருக்கின்றன. அது மாறினால் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டும். பழைய மரத்தையும் புதியதையும் ஒப்பிட்டு மாறிய பகுதிகளைக் கேட்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது மரத்தின் அமைப்பு மாறிய இடங்களைத்தான் சொல்லும். ஒரு மாறியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றினால் அமைப்பு மாறாது. அதை மட்டும் நம்பிய பக்கப்பட்டியலில் பழைய பெயரே நின்றுவிடும். திருத்தப்பட்ட பைட் எல்லையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் குறிப்புரை எழுதுபவர்களை வாட்டும் கோளாறு வேறு. ஒரு வரிக்குள் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பதையும் ட்ரீ-சிட்டர் பைட்டில்தான் கணக்கிடுகிறது. ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு. அதைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். எழுத்தையோ குறியீட்டையோ எண்ணிக் கொடுக்கும் ப்ளகின், அந்த வரியில் தப்பான கணுவில் போய் நிற்கும். எடிட்டருக்குப் பிழைகளையும் பரிந்துரைகளையும் தரும் மொழிச் சேவையகங்களின் நெறிமுறை இயல்பாக யுடிஎஃப்-16 என்ற வேறு முறையின் எண்ணிக்கையில் பேசுவதால் குழப்பம் இரட்டிக்கிறது; அந்த நெறிமுறையின் 3.17 பதிப்பு முதல் இரு தரப்பும் யுடிஎஃப்-8க்கு ஒப்புக்கொள்ள வழி உண்டு. ட்ரீ-சிட்டருக்குத் திருத்தத்தைத் தெரிவிக்கும்போது தொடக்கம், பழைய முடிவு, புதிய முடிவு ஆகிய மூன்றில் எது தவறினாலும் மரம் தப்பான கணுக்களை மறுபடி பயன்படுத்தி, வண்ணங்கள் சிதறும். அதற்கு மருந்தாக ஒவ்வொரு விசைக்கும் கோப்பு முழுவதையும் புதிதாகப் பிரிக்கிற ப்ளகின்கள் உண்டு. தமிழ் இருக்கும் கோப்பு மெதுவாகிறது என்ற புகாரின் பின்னணியில் இதையும் தேட வேண்டும். எண்ணை பைட்டுக்கு மாற்றிக் கொடுத்தால் வேகம் திரும்பும்.

ஒரு நிரல் மொழிக்கான ட்ரீ-சிட்டர் இலக்கணக் கோப்பைத் தாங்களே தொகுப்பவர்கள், தொகுப்பியின் ஓ2 நிலை உகப்பாக்கத்தைப் போட மறக்கக் கூடாது. எந்தக் கணுவுக்கு எந்த வண்ணம் என்று சொல்லும் வினவல்களை ஒரு முறை தொகுத்து வைத்து, திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டும் ஓட்டினால் போதும்.

தங்கள் பக்கத்தில் அடுத்த முறை எடிட்டர்களின் வேகத்தை ஒப்பிடும்போது, ஆழமாக அடுக்கப்பட்ட ஜேசன் கோப்பு ஒன்றையும், குறிப்புரைகள் தமிழிலேயே உள்ள பைத்தான் கோப்பு ஒன்றையும் சோதனையில் சேர்த்து, சராசரி நேரத்தோடு மிக மெதுவான தாவலின் நேரத்தையும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நிரலாளர்களான வாசகர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை – 39.