மூன்று நிற நூலுக்கு நன்றி

முக்கூடல் வட்டாரத்து உறவுகளுக்கு,

அம்மா நேற்று தானாகவே எழுந்து திண்ணைக்கு வந்து, பீடிச் சுளகை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று தம்பி சொன்னான். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அந்த வாரம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வலி என்று கேட்ட மாத்திரத்தில் டாக்டரைப் போனில் பிடித்து, 14 மாத்திரைகளை எண்ணிக் கொடுத்த துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கு நன்றி. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. நெஞ்சுவலிக்கு முதல் மாத்திரைகளை ஊரிலேயே கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 ஜூனில் வந்திராவிட்டால், அம்மா பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை அந்த மாத்திரைகளுக்குக் காத்திருந்திருப்பாள். 108 வண்டியில் வந்த இருவருக்கும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், தம்பிக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், எங்கள் ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்ட எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் கைகூப்புகிறேன்.

இனி எழுதப்போவது மதினிக்கு. பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வருகிறவர், மகளிர் குழுவைச் சேர்ந்தவர் என்றாலே உங்களுக்குப் புரியும்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது அம்மா கையில் ஆறு வகை மாத்திரைகள். காலைக்கு எது, மதியத்துக்கு எது, இரவுக்கு எது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் நான் சென்னைக்கு பஸ் ஏறினேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. இத்தனை வருடம் அவள் வயிற்றுப் பிள்ளையாக இருந்தும் அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள்.

மறுநாள் ரத்த அழுத்தம் பார்க்க வந்த மதினி சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். “வாசிக்கத் தெரியுமா அத்தை?” என்று அவர் கேட்கவில்லை. சுளகிலிருந்த, பீடி கட்டும் சிவப்பு நூலை எடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா வேறு கம்பெனிக்குச் சுற்றுகிறவர், அவரிடம் பச்சை. மூன்றாவது வீட்டிலிருந்து கறுப்பு. காலை மாத்திரைக் கவருக்குச் சிவப்பு, மதியத்துக்குப் பச்சை, இரவுக்குக் கறுப்பு. முதல் கவரை மட்டும் தானே கட்டிவிட்டு, “மிச்சத்தை நீங்களே கட்டுங்கள் அத்தை, உங்கள் கட்டுதான் அவிழாது” என்று கவர்களை அம்மா கையில் கொடுத்திருக்கிறார். நாற்பது வருடமாகப் பீடி கட்டிய விரல்கள். அன்றிலிருந்து ஒரு வேளை தப்பவில்லை.

மதினி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. செய்தியைப் படித்துவிட்டு அன்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அதற்கு முன்பெல்லாம் பிரஷர் மாத்திரைக்கு வரிசையில் நின்றால் அன்றைய பீடிக் கூலி போய்விடும் என்பதால் அம்மா பல மாதங்கள் போகாமலே இருந்திருக்கிறாள். மருந்து இலவசம்தான், ஆனால் அதை வாங்கப் போகிற நாள் இலவசமில்லை. அந்த நாளைத்தான் திட்டம் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது. வாசல்வரை வந்த மாத்திரையை வேளை தவறாமல் வாய்வரை கொண்டு சேர்த்தது மதினியின் மனசு. எந்த அரசாணையிலும் நூல் கட்டச் சொல்லியிருக்காது.

சொற்ப ஊக்கத்தொகைக்கு வெயிலில் வீடு வீடாக நடக்கும் இந்தப் பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கு லீவு போட்டுவிட்டு வந்து இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்பேன். நம் தெருப் பெண்களும் என்னுடன் வந்து நிற்க வேண்டும்.

மதினி, கறுப்பு நூல் தீரப்போகிறது என்று அம்மா சொல்கிறாள். நான் வரும்போது மூன்று நிறத்திலும் நூல்கண்டு வாங்கி வருகிறேன். நம் தெருவில் வாசிக்கத் தெரியாத மற்றவர்களுக்கும் சேர்த்து.